பன்னிரண்டு கிலோ காற்று

ஒரு வீட்டில் ஒருவன் மட்டும் படித்திருந்தால், அவன் விடுகிற பிழையைத் திருத்த அந்த வீட்டில் ஆள் கிடையாது. தபாலில் வருகிற கடிதத்தை அவன் எப்படி வாசிக்கிறானோ அதுதான் கடிதம். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை அவன் எப்படிச் சொல்கிறானோ அப்படித்தான் மருந்து. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். ஹுன்னஸ்கிரியவில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உயர்தரத்தில் வர்த்தகம் படித்து, கணக்கியலில் ‘பி’ வாங்கிய முதல் ஆள். (இரண்டாவது ஆள் வர ஆறு வருடம் பிடித்தது. அந்த ஆறு வருடமும் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று தயவுசெய்து லயத்தில் விசாரிக்க வேண்டாம்.)

அந்த ‘பி’யை வைத்துக்கொண்டு நான் செய்த முதல் ஏற்றுமதி வியாபாரத்தைப் பற்றியதுதான் இது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ரிஸ்வி நானாவின் கொமியூனிகேஷன் கடையில் எனக்கு வேலை. போட்டோ கொப்பி அடிப்பது, வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பது, நான்கு கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் குறிப்பது. மாதம் எட்டாயிரம் ரூபாய், பகல் சாப்பாடு, கடைக்குப் பின்னால் படுக்க ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவேன்.

கடையில் கூட்டமில்லாத பின்னேரங்களில் நான் ஒரு வெளிநாட்டு விற்பனைத் தளத்தை மேய்ந்துகொண்டிருப்பேன். அவரவர் தங்களிடம் கிடக்கிற சாமானைப் படம் பிடித்துப் போட்டு, உலகத்தின் மறுபக்கத்தில் இருப்பவனுக்கு விற்கிற இடம். உடைந்த கடிகாரத்தை விற்கிறார்கள். மூடி இல்லாத தேநீர்க் கேத்தலை விற்கிறார்கள். ஒருநாள் பார்த்தால், ‘பழைமையான தேயிலைக் கூடை, இலங்கை’ என்று போட்டு ஒரு கொழுந்துக் கூடை. அடி தேய்ந்து, கயிறு அறுந்து கிடக்கிறது. விலை ஐம்பத்திரண்டு டொலர். விற்றும்விட்டது!

அதைவிட நல்ல கூடையில் எங்கள் லயத்தில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஐம்பத்திரண்டு வேண்டாம், நாம் நியாயமான ஆட்கள், நாற்பது டொலர். ஒரு டொலர் நூற்றுப்பத்து ரூபாய் என்றால் நான்காயிரத்து நானூறு. கூடை கொடுக்கிறவருக்கு ஆயிரத்து ஐநூறு. மிச்சம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஆறு கூடைக்குப் பதினேழாயிரத்து நானூறு. என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். கீழே இரண்டு கோடு இழுத்து, பாடசாலையில் பழக்கியபடியே ‘தேறிய இலாபம்’ என்று எழுதினேன். கையெழுத்துக்கூட அன்றைக்கு அழகாக வந்தது.

அடுத்த ஞாயிறு, லயத்துப் பீலியடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கலண்டர் தாளை விரித்து அறிவித்தேன். என் அக்கா மல்லிகாவும் அங்கே நின்றாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனவள். என்னை மதிக்காத ஒரே ஆள்.

“கூடைக்கு ஆயிரத்து ஐநூறா? புதுக் கூடையே நானூறுதானேடா சேகரு?” என்றார் பக்கத்துக் காம்பிராவிலிருக்கும் ராசம்மா அக்கா.

“வெள்ளக்காரங்க அலங்காரத்துக்கு வாங்குறாங்கக்கா. அதுல பூ வப்பாங்க.”

“கொழுந்துக் கூடையிலயா? அட்டை ஏறுன கூடையில?”

“அந்த வாசத்துக்குத்தான் காசு.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்காமல், குடத்தை இடுப்பில் வைத்தபடி கேட்டாள்:

“சரி, பிடிப்பு எவ்வளவு?”

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் சம்பளத் துண்டைக் கையில் வாங்குகிற யாரும் மேலே இருக்கிற தொகையைப் பார்ப்பதில்லை. சேமலாப நிதிக்கு ஒரு பிடிப்பு, சங்கச் சந்தாவுக்கு ஒரு பிடிப்பு, கோயிலுக்கு, மரண உதவிக்கு, முற்பணத்துக்கு. மேலே எவ்வளவு இருந்தாலும் ‘பிடிச்சது போக எவ்வளவு?’ என்பதுதான் முதல் கேள்வி. எழுத்தே தெரியாதவர்களுக்கும் துண்டில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நான் அக்காவைப் பரிதாபத்தோடு பார்த்தேன்.

“இன்டர்நெட்டுல பிடிப்பெல்லாம் கெடையாதுக்கா. அது கம்ப்யூட்டர்.”

(இந்த வாக்கியத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்.)

ஐந்து வீட்டிலிருந்து ஐந்து கூடை வந்தன. ஆறு என்றால்தான் ‘செட்’ என்று நான் பிடிவாதம் பிடித்ததால், ஆறாவதாக அக்கா தன் கூடையையே கொடுத்தாள். வேலைக்குக் கொண்டுபோகிற கூடை. வருடக்கணக்காக அவள் முதுகுக்கு இணங்கி, அவள் முதுகின் வளைவையே எடுத்துக்கொண்ட கூடை. கூடை பின்னுகிறவர் அந்தப் பக்கம் வர இன்னும் ஒரு மாதமாகும். அதுவரை அவள் உரப் பையைக் கட்டிக்கொண்டுதான் மலைக்குப் போக வேண்டும். பையில் கொழுந்து நசுங்கும், அவியும், நிறை குறையும். அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ சேராவிட்டால் அரைப் பேர்தான் விழும். அதாவது அரை நாள் சம்பளம்.

“பதினஞ்சு நாளு. அதுக்குள்ள ஒண்ணு எனக்கு ஆயிரத்து ஐநூறு வரணும், இல்ல எங் கூட வரணும்” என்றாள்.

“ரெண்டு வாரத்துல நீ புதுக் கூட மூணு வாங்கலாம்” என்றேன். ஆளுக்கு ஐநூறு ரூபாய் முற்பணமும் கொடுத்தேன். ரிஸ்வி நானாவிடம் என் சம்பளத்தில் முன்கூட்டியே வாங்கிய காசு.

அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. அவர் இளவயதில் கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, கலவர நாளில் உடுத்தியிருந்த துணியோடு ஓடி வந்தவர். அன்று முதல் அவருக்கு ஒரே சட்டம்தான்: டவுனுக்கு வெறுங்கையோடு போ, வெறுங்கையோடு வா. கையில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். திங்கட்கிழமை விடிய, தலையில் இரண்டு, தோளில் இரண்டு, கைக்கு ஒன்றாக ஆறு கூடையோடு நான் இறங்கியதை அவர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கண்டி பஸ்ஸில் கூடைகளைக் கடைசி ஆசனத்தில் அடுக்கினேன். எல்லாம் ஒரே அளவு என்பதால் ஒன்றுக்குள் ஒன்று போகாது. கொண்டக்டர் வந்து ஏழு டிக்கெட் கிழித்தார்.

“அண்ணே, நான் ஒரு ஆளுதான்.”

“கூடைக்கு ஆறு. மல்லிக்கு ஒண்ணு.” சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். தம்பி என்பதற்கு மட்டும் ‘மல்லி’.

“அதுக்கு எடையே இல்லண்ணே. தூக்கிப் பாருங்க.”

“எடை யாரு மல்லி கேட்டது? அந்த சீட்ல ஆறு பேர் இருக்கலாம். இப்ப யாரு இருக்கிறது?”

காற்று இருந்தது. ஆறு கூடை நிறைய ஹுன்னஸ்கிரியக் காற்று. வியாபாரத்தின் முழுப் பாடத்தையும் அந்த மனிதர் எனக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். நானோ ‘இதுதான் நம் நாடு முன்னேறாததற்குக் காரணம்’ என்று நினைத்தபடி ஏழு டிக்கெட்டுக்கும் காசு கொடுத்தேன்.

கண்டிக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையாக நடக்க வேண்டும். தமிழ்ப் பெயர் இருக்கிற அட்டை என்றால் ஓரமாக நிற்க வேண்டும். எனக்கு அது பழக்கம். ஆனால் அன்றைக்கு ஆறு கூடையோடு நின்றேன். அப்பாவின் சட்டம் காதில் ஒலித்தது.

சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் ஆறு கூடைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததுதான் அவனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

“மே மொனவத?” இது என்ன என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: கூடை. விற்கப் போகிறேன். வெள்ளைக்காரனுக்கு. இன்டர்நெட்டில்.

“வெள்ளைக்காரன் எங்கே கொழுந்து பறிக்கப் போகிறான்?”

“பூ வைப்பான் சேர்.”

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். இரண்டு பேரும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். ஒருவன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். தன் வீட்டிலும் அம்மாவிடம் நெல்லுக் கூடை மூன்று இருக்கிறது, அதையும் சேர்த்து விற்றுக் கொடு என்றான். அட்டையைத் திருப்பிக் கொடுத்துப் போகச் சொன்னார்கள்.

சோதனைச் சாவடியில் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் சிரித்தது என் வியாபாரத் திட்டத்தைப் பார்த்து என்பது அப்போது தோன்றவில்லை.

கடையில் கூடைகளைப் படம் பிடித்து, தளத்தில் போடுகிற வேலையைத் தொடங்கினேன். அங்கே விற்கிற காசை இலங்கையிலிருந்து நேரே வாங்க வழி இல்லை. அதனால் லண்டனில் இருந்த ரிஸ்வி நானாவின் மச்சானுடைய கணக்குக்குக் காசு போய், அவர் இங்கே அனுப்புவதாக ஏற்பாடு. நானா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தபால் செலவு என்ற பெட்டி வந்தது. மற்ற விற்பனையாளர்கள் பலர் ‘தபால் இலவசம்’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். நானும் அதையே தட்டினேன்.

“தம்பி, இலவசம்னா தபால் காசு யாரு கட்டுற?” என்று கேட்டார் நானா.

“கம்பெனி கட்டும் நானா.”

“எந்தக் கம்பெனி?”

“இந்தத் தளத்துக் கம்பெனிதான். வியாபார மேம்பாடு.”

“அவங்களுக்கு என்னத்துக்கு?”

நான் சிரித்தேன். பாவம், நானா கடை வைத்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறார், ஆனால் வர்த்தகம் படிக்கவில்லை. என் மனதில் இருந்தது வேறு. நான் பிறந்து வளர்ந்த இடத்தில் இலவசம் என்று ஒன்று இருந்தால் அதைக் கொடுப்பது கம்பெனிதான். லயம் இலவசம், கம்பெனி கொடுத்தது. மாதம் ஒரு தேயிலைத்தூள் பொதி இலவசம், கம்பெனி கொடுத்தது. டிஸ்பென்சரியில் ஒரே நிறத்தில் ஒரு மருந்து இலவசம், கம்பெனி கொடுத்தது. கொழுந்து எடுக்கிறவள் யாருக்காவது எதையாவது இலவசமாகக் கொடுத்து நான் கண்டதில்லை. ஆகவே ‘இலவசம்’ என்ற பெட்டியைத் தட்டினால் மேலே எங்கோ ஒரு துரை கையெழுத்துப் போடுவார் என்று முழு மனதோடு நம்பினேன்.

“ஒங்களுக்கு வெளங்கினா சரி” என்று சொல்லிவிட்டு நானா தொழப் போய்விட்டார்.

நான்காவது நாள் ஆறு கூடையும் விற்றுவிட்டன. ஒரே ஆள் வாங்கியிருந்தார். இங்கிலாந்தில் கடற்கரை ஊர் ஒன்றில் தேநீர்க் கடை திறக்கப்போகும் ஒரு பெண்மணி. கூரையிலிருந்து தொங்கவிடப் போகிறாராம். ‘தபாலும் இலவசம் என்பதை நம்பவே முடியவில்லை’ என்று எழுதியிருந்தார். அவரால் நம்ப முடியவில்லை. எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

கடையில் எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் லண்டன் மச்சானிடமிருந்து கணக்கு வந்தது. இருநூற்று நாற்பது டொலர் இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று மூன்று. படத்தைப் போட்டதற்கு ஒரு கட்டணம். விற்றதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம். காசைக் கை மாற்றியதற்கு இன்னொன்று. மச்சானின் சிரமத்துக்குப் பத்து. இங்கே ரூபாயாக்கும்போது டொலருக்கு இரண்டு ரூபாய் குறைவு. கலண்டர் தாளை எடுத்துத் ‘தேறிய இலாபம்’ என்பதை வெட்டினேன். பதினேழாயிரத்து நானூறு, பன்னிரண்டாயிரத்துச் சொச்சமாகியது.

பிடிப்பு. அக்கா கேட்ட அதே பிடிப்பு. கம்ப்யூட்டருக்கும் தெரிந்திருக்கிறது.

பரவாயில்லை, பன்னிரண்டாயிரம் குறைந்த காசா என்று மனதைத் தேற்றிக்கொண்டு கூடைகளைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் பொதியின் அளவுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, இந்தக் கூடை அதைத் தாண்டுகிறது, கண்டி டவுனில் விமானப் பொதி அனுப்பும் கூரியர் கந்தோர் ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்.

கூரியர் கந்தோரில் ஏசி. கண்ணாடிக் கதவு. அதற்குள் ஆறு கூடையோடு நுழைவதற்கு நான் மூன்று தடவை முயன்றேன். கவுண்டரில் இருந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பெண் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“எங்கை அனுப்பப் போறியள்?”

“இங்கிலாந்துக்கு மிஸ். எடை ஒண்ணும் பெருசா இல்ல.”

ஒரு கூடையைத் தராசில் வைத்தார். சிவப்பு எழுத்தில் ஒரு கிலோ நூறு கிராம் என்று வந்தது. நான் பெருமையோடு சிரித்தேன். அவர் இலாச்சியைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார்.

“எதுக்கு மிஸ், கூடைக்குச் சட்டை தைக்கவா?”

அவர் சிரிக்கவில்லை. நீளம், அகலம், உயரம் அளந்தார். மூன்றையும் பெருக்கி ஆறாயிரத்தால் பிரித்தார்.

“பன்ரெண்டு கிலோ வருது.”

“ஒரு கிலோ நூறுன்னு தராசு காட்டுச்சே மிஸ்?”

“ஓம். அது உண்மையான எடை. நாங்கள் காசு எடுக்கிறது பருமன் எடைக்கு. பிளேனிலை எவ்வளவு இடம் பிடிக்குதோ அதுக்கு.”

“உள்ளுக்கு ஒண்ணுமே இல்லையே! வெறும் காத்துதானே மிஸ்?”

“காத்துக்கும் சேர்த்துத்தான்.”

கொண்டக்டர் என் கண்முன்னால் வந்து ஏழு டிக்கெட் கிழித்தார்.

“ஒரு கூடைக்கு ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். ஆறுக்கும் ஐம்பத்தையாயிரத்து இருநூறு. மடிக்கேலாதோ?”

“கூடையை எப்படி மிஸ் மடிக்கிறது?”

எனக்குக் கடைசியாக ஒரு நம்பிக்கை இருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: “மிஸ், ‘தபால் இலவசம்’னு போட்டு வித்திருந்தா, இந்தக் காசை யாரு கட்டுவாங்க?”

“இலவசம் எண்டு ஆர் போட்டது?”

“நான்தான்.”

“அப்ப நீங்கள்தான்.”

இவ்வளவு சுருக்கமான வர்த்தக வகுப்பில் நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. பன்னிரண்டாயிரம் இலாபம் பார்க்க ஐம்பத்தையாயிரம் செலவு. என்னுடைய ஏழு மாதச் சம்பளம். அந்த மிஸ்ஸுக்கே என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “யோசிச்சுப் பாருங்கோ தம்பி” என்று சொல்லி, கூடையின் உண்மை எடை, பருமன் எடை, கட்டணம் எல்லாம் அச்சடித்த துண்டு ஒன்றை, முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

ரிஸ்வி நானா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தாடியைத் தடவிக்கொண்டு, “கம்பெனி கட்டும்னு செல்லின இல்லியா?” என்று மட்டும் கேட்டார். பிறகு லண்டனுக்குப் பேசி, அந்தப் பெண்மணியின் காசை அப்படியே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மச்சான் தன் பத்து டொலரையும் திருப்பிவிட்டார். தளத்துக்காரர்கள் பிடித்தது பிடித்ததுதான். இருபத்தேழு டொலர் என் சம்பளத்தில் போயிற்று.

அந்தப் பெண்மணிக்கு நான் நீண்ட கடிதம் எழுதினேன். மதிப்புக்குரிய அம்மணி என்று தொடங்கி, நீளத்தை அகலத்தால் பெருக்குவது எப்படி என்று விளக்கி, எனக்கு வயது இருபத்தொன்று என்று முடித்தேன். அவர் கோபிக்கவில்லை. தளத்தில் என் பெயருக்குக் கீழே வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்தில் இரண்டே வரி எழுதினார்: ‘நேர்மையான விற்பனையாளர். கூடை வரவில்லை.’

கூடைகளைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதே பஸ், அதே கொண்டக்டர். மறுபடியும் ஏழு டிக்கெட். இந்தத் தடவை ஏழுக்கும் காசை நானே எண்ணி நீட்டினேன். “மல்லி இப்ப கணக்குப் படிச்சது போல” என்றார் அவர்.

லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் என் மனதில் இருந்தது ஒன்றுதான். ஆயிரத்து ஐநூறு என்று பீலியடியில் எல்லார் முன்னாலும் சொன்ன வாய் இது. இனி இந்த வீட்டில் ஒரு கடிதம் வந்தால், நான் வாசிப்பதை யார் நம்புவார்கள்?

பெண்கள் எல்லாரும் அதே பீலியடியில்தான் நின்றார்கள். நான் ஆறு கூடையோடு வருவதைக் கண்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. அக்கா தன் கூடையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், அடியைத் தட்டிப் பார்த்தாள்.

“எனக்கு இந்த ரெண்டு கெழமையில நாலு அரைப் பேரு. அத மொதல்ல எடுத்து வை” என்றாள். “அப்புறம் கதையச் சொல்லு.”

சொன்னேன். டிக்கெட், பிடிப்பு, அளவு நாடா, பன்னிரண்டு கிலோ, காற்று. ராசம்மா அக்கா சிரித்துச் சிரித்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“கொழுந்து நிறுக்கையில எங்க கூடைக்குக் கணக்கப்புள்ள ரெண்டு கிலோ வெட்டுறாரு. ஒங் கூடைக்குப் பன்னெண்டு கிலோவா?” என்றாள் அக்கா. “படிச்ச எடத்துல வெட்டும் பெருசாத்தான் இருக்கும்.”

நான் தலை குனிந்தபடி சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்துக் காட்டினேன். பொய் சொல்லவில்லை என்றாவது தெரியட்டும் என்று. “இந்தா, முத்திரையோட போட்டிருக்கு பாரு. கூடையோட உண்மையான எடை ஒரு கிலோ நூறு. காசு எடுக்குற எடை பன்னெண்டு கிலோ.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“என்னா சொன்ன?” என்றாள் அக்கா.

“பன்னெண்டு கிலோ.”

“அது இல்லடா. அதுக்கு மொதல்ல.”

“ஒரு கிலோ நூறு.”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று இரண்டு கிலோ கழிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. மூன்று தடவையும் இரண்டு கிலோ. கூடை அவ்வளவு நிறை இல்லை என்று ஒவ்வொரு பெண்ணின் முதுகுக்கும் தெரியும். சொன்னால், “நீ என்ன தராசா?” என்று கேட்பார் கணக்கப்பிள்ளை, கொழுந்து நிறுக்கிற உத்தியோகத்தர் அவர்.

“இன்னொருக்கா படி சேகரு.”

படித்தேன்.

“சீல் இருக்கா?”

“இருக்கு.”

“இங்கிலீசுலயா இருக்கு?”

“முழுக்க இங்கிலீசு.”

ஆயிரத்து ஐநூறை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அக்கா துண்டைப் பிடுங்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை என்னை வேலைக்குப் போகவிடவில்லை. காலை நிறுவைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், இங்கிலீஷ் வாசிப்பதற்காக. கணக்கப்பிள்ளை துண்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். நான் வாசிக்கத் தேவையே வரவில்லை. அவருக்கும் இங்கிலீஷ் தெரியும். பிறகு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“கீழ பன்னெண்டு கிலோன்னும் போட்டிருக்கே? இனிமே பன்னெண்டு கழிக்கவா?”

ஆயிரத்து ஐநூறும் கொடுக்காமல், ஒரு நாளைக்கு முப்பத்தாறு கிலோவையும் பிடுங்கிக் கொடுத்த பாவியாகப் போகிறேனா?

அக்கா கூடையை முதுகிலிருந்து இறக்காமலே சொன்னாள்: “அது பிளேனுக்குங்க. நீங்க பறக்குறதா இருந்தா கழிங்க.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தராசு பிடிக்கிறவர் சிரித்தார். கடைசியில் கணக்கப்பிள்ளையாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோட்டக் கந்தோரில் கேட்க வேண்டும் என்று துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கிலோதான் என்று இவர்கள், ஈரம் இருக்கிறது இரண்டுதான் என்று கந்தோர், இடையில் சங்கத் தலைவர். மூன்று நாள் இழுபறி. வியாழக்கிழமை ஒன்றரை என்று முடிந்தது. கூடைக்கு அரைக் கிலோ மிச்சம், ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ, ஆளுக்கு.

கொடுத்த ஐநூறை ஐந்து பேரும் திருப்பித் தரவில்லை. கூடைக்கு வாடகையாம். அக்கா ஐநூறை வைத்துக்கொண்டதோடு, நாலு அரைப் பேருக்கும் தனியாக வாங்கிக்கொண்டாள். ஆக மொத்தம் அந்த மாதம் ரிஸ்வி நானா எனக்குச் சம்பளமாகத் தந்தது பகல் சாப்பாடு மட்டும்.

இப்போது பிலிமத்தலாவையில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. அதே மாதிரித் தளங்களில்தான் விற்கிறேன்: கறுவாப்பட்டை, கராம்பு, சாதிக்காய். உள்ளங்கை அளவுப் பொதி, காற்றுக்கு இடமில்லாமல் அமுக்கிக் கட்டியது. எந்தச் சாமானுக்கும் விலை போடுமுன் ஒரு தாள் எடுத்து, மேலே ‘பிடிப்பு’ என்று எழுதி, போட்டதற்கு, விற்றதற்கு, காசு வாங்கியதற்கு, தபாலுக்கு, திரும்பி வந்தால் அதற்கு என்று எல்லாவற்றையும் கழித்த பிறகுதான் கீழே வருவேன். கீழே ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்தச் சாமானை விற்பதில்லை. இதைக் கற்றுக்கொடுக்க இப்போது கண்டியில் வகுப்பெல்லாம் நடக்கிறதாம். ‘பி’ எடுத்தவர்களுக்கு அவசியம்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் மலையில் இருந்ததால் நிறுவை நடக்கிற இடத்துக்கே போய் ஓரமாக நின்றேன். கணக்கப்பிள்ளை அதே ஆள்தான். தலை மட்டும் நரைத்திருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், என்னை முன்பின் தெரியாதவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் கறாராகக் கேட்டாள்:

“ஐயா, கூடைக்கு என் சேகர விட்டுட்டுத்தானே கழிச்சீங்க?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனையை எடுத்தபடி அவளுக்குப் பதில் சொன்னார்:

“விட்டாச்சும்மா. சேகரு அரைக் கிலோ, விட்டாச்சு.”